யூராக்ரூமி வளைவில் ஒரு ஜெபம்

மாலை ஆறு மணி இருக்கும். கீட்டோவிலிருந்து தெற்கே லோஹாவுக்குப் போகிற பாதை. தரைப்பாதை இல்லை... மேலே, மேகத்துக்குள் விமானம் போகிற பாதை. ஆளரவமில்லாத சாலை தரையில்தான் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் அந்த வழியில் ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும். இறங்கத் தொடங்கிய பிறகு ரேடியோவில்கூட யாரும் பேச மாட்டார்கள். இரண்டு பக்கமும் மலை. நடுவில் நீங்கள்.

ஹோமாரா, அந்தக் கதவைச் சாத்து. பனி உள்ளே வருகிறது. ஓடுபாதையே கண்ணுக்குத் தெரியவில்லை, இன்றைக்கு இனி ஒரு விமானமும் கிளம்பாது. நாளைக்குப் பறக்கிறவர்கள் வெறும் லவங்கப்பட்டைத் தண்ணீர் குடியுங்கள், சாராயம் கலந்தது எனக்கு. இத்தனை வருடம் பணிப்பெண்ணாக உங்களையெல்லாம் மேய்த்தவளுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா? இத்தாலோ, வறுத்த சோளத்தைக் கொறிப்பதை நிறுத்து. நான் சொல்லப்போகிற கதையில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். உன் பல் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காமல் போய்விடும்.

இது நடந்தது என் தோழி மிரெயாவின் தம்பி வில்மானுக்கு. அவன் துணை விமானி. அவன் மனைவி தைசிக்கு அப்போது நிறைமாதம். அன்று வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் வயிற்றில் கை வைத்து, "நீ வரும்போது நான் இங்கதான் இருப்பேன்" என்று உள்ளே இருந்த குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியுமா முடியாதா என்பதுதான் அவனுக்கு அன்று பிரச்சினை.

அதற்கு முந்தின வருடம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் இது புரியாது.

கேப்டன் ஃபௌஸ்தோ ஒச்சோவா. லோஹாக்காரர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய பக்தி. சிஸ்னே மாதா திருவிழாவுக்கு யாத்திரைக்காரர்களை ஏற்றிப் போகிற விமானத்தை எப்போதும் அவர்தான் ஓட்டுவார், வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். மலை தெரிய ஆரம்பித்ததும் ஒலிவாங்கியை எடுத்து ஜெபமாலை சொல்லத் தொடங்குவார். முதல் பாதியை அவர் சொல்ல, மறுபாதியைப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து சொல்வார்கள். விமானமே கோயிலாகிவிடும். நானே அதில் வேலை செய்திருக்கிறேன், நானே அழுதிருக்கிறேன்.

அவருடைய ஜெபமாலை எப்போதும் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகையில், திசைக் குமிழில் தொங்கும். யூராக்ரூமி மலை நெருங்கும்போது சிலுவையை உதட்டுக்கு இழுத்து ஒரு முத்தம் கொடுப்பார். பழைய விமானங்களில் அப்படித்தான் வருடக்கணக்காகச் செய்தார். அந்தக் குமிழைத் திருகத்தான் முடியும், இழுத்தால் ஒன்றும் ஆகாது. பிறகு நிறுவனம் புது விமானம் வாங்கியது. புதியதில் குமிழை உள்ளே அழுத்தினால் விமானம் கணினியில் ஏற்றிவைத்த பாதையில் தானாகவே வளைந்து வளைந்து போகும். வெளியே இழுத்தால்... 'பாதையை விடு, இப்போது பார்க்கிற திசையிலேயே நேராகப் போ' என்று அர்த்தம்.

விமானம் மாறியது. அவர் வழக்கம் மாறவில்லை.

யூராக்ரூமிக்கு முன்னால் பாதை வலப்பக்கம் வளைகிறது. அந்த வருடத் திருவிழாவில், வளைவுக்குச் சற்று முன்பு அவர் சிலுவையை இழுத்து முத்தமிட்டார். 'டிக்'. மாதாவுக்குக் கொடுத்த முத்தத்தை இயந்திரம் தனக்கு வந்த கட்டளை என்று எடுத்துக்கொண்டது. விமானம் ஆடவில்லை, குலுங்கவில்லை. நேராகப் போய்க்கொண்டிருந்தது நேராகவே போனது, அவ்வளவுதான். மாறியது பலகையில் ஒரு சின்ன எழுத்து. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த யாரும் அதைப் பார்க்கவில்லை. வெளியே மேகம், மேகத்துக்குள் மலை. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஒலிப்பதிவுப் பெட்டியைக் கேட்ட விசாரணைக்காரர்கள் சொன்னார்கள்... கடைசி வரை ஜெபம், நடுவில் சின்னதாக ஒரு 'டிக்'. குமிழில் எதையும் தொங்கவிடக் கூடாது என்று அதற்குப் பிறகு விதி வந்தது.

சரி. இப்போது வில்மான்.

அடுத்த வருடம், அதே திருவிழா. லோஹாவில் யாத்திரை முடித்த கூட்டத்தை மறுநாள் விடிகாலையில் திருப்பி அழைத்து வர வேண்டும். அதனால் முந்தின மாலையே காலி விமானத்தைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தச் சொன்னார்கள். பயணிகள் கிடையாது. பணிப்பெண்களும் கிடையாது. இரண்டே பேர். ஓட்டுகிறவர் கேப்டன் காலோ அல்தாஸ், பக்கத்தில் வில்மான்.

அல்தாஸைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டவர் இல்லை. ஆனால் மனிதக் கையை நம்பாதவர். "மனுஷன் தூங்குவான், மறப்பான், பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வருவான். மெஷின் அதெல்லாம் பண்ணாது" என்பார். ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டால் தரை தொடுகிற நேரம் வரை எடுக்க மாட்டார். வாயில் எப்போதும் ஒரு சோம்பு மிட்டாய்.

லோஹாவில் இருட்டிவிட்டால் இறங்க முடியாது. அதனால் கொஞ்சம் அவசரம். இறங்க ஆரம்பித்தார்கள். மேகத்துக்குள் நுழைந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே எல்லாம் சாம்பல் நிறம்.

முதலில் வந்தது வாசனை. கோயிலில் பாலோ சாந்தோ வாசனைக் கட்டையைக் கொளுத்தினால் வருமே, அந்தப் புகை. கூடவே உருகின மெழுகு... நனைந்த கம்பளி... அவித்த சோளம். யாத்திரைக் கூட்டத்தின் வாசனை.

"கேப்டன், ஏதோ புகையுது."

"பாத்துட்டேன். எல்லாம் சரியாதான் காட்டுது. நேத்து ஏறின கூட்டத்தோட வாசனையா இருக்கும், விடு."

நேற்று அந்த விமானத்தில் யாரும் ஏறவில்லை. பழுது பார்க்க நிறுத்தி வைத்திருந்தார்கள். வில்மானுக்கு அது தெரியும்.

பிறகு காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் லேசான இரைச்சல். யாரோ ஒலிவாங்கியைத் திறந்தால் வருகிற மூச்சுச் சத்தம். அதற்குப் பின்னால் ஒரு குரல்.

"அருள் நிறைந்த மரியே..."

வில்மான் ஒச்சோவாவோடு இரண்டு வருடம் பறந்தவன். அந்தக் கரகரப்பை, வார்த்தைக்கு நடுவில் மீசையை ஒதுக்குவதற்காக விடுகிற இடைவெளியை, அவன் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பான். முதல் பாதி முடிந்தது. குரல் நின்றது... காத்திருந்தது.

மறுபாதி பின்னாலிருந்து வந்தது.

ஹெட்செட்டில் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. காலியான விமானத்திலிருந்து. ஆண்கள், பெண்கள், குழந்தைகள், அத்தனை பேரும் சேர்ந்து, கோயிலில் சொல்கிற மாதிரி ஒரே இழுவையில். கடைசியில் 'ஆமென்'.

அல்தாஸின் வாயில் மிட்டாய் உருளுவது நின்றது. அவருக்கும் கேட்டுவிட்டது என்று வில்மானுக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் அவர் முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்.

திசைக் குமிழுக்கு மேலே இருக்கிற சின்ன சன்னலில் மூன்று கோடு எரிந்துகொண்டிருந்தது. கோடு என்றால் விமானம் பாதையில் போகிறது என்று பொருள். இப்போது கோடு இல்லை, எண் வந்திருந்தது.

"ஏன்டா தொட்டே?"

"நான் தொடல கேப்டன்."

"பின்ன நானா தொட்டேன்?"

"உங்க கை மடியில இருந்துச்சு. என் கையும்தான். பாத்துட்டே இருந்தேன்."

அல்தாஸ் குமிழை அழுத்தினார். கோடுகள் திரும்பி வந்தன. மறுபடி மூச்சுச் சத்தம். மறுபடி ஒச்சோவா. மறுபடி பின்னாலிருந்து அந்தக் கூட்டம், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் பக்கத்தில்... ஆமென்.

டிக்.

இத்தாலோ, நீ ஏன் சுவரோரம் நகர்கிறாய்? இன்னும் ஒன்றுமே வரவில்லையே.

வில்மானுக்கு அப்போதுதான் உறைத்ததாம். மிரெயாவிடம் அவன் இதை ஒரே ஒரு முறைதான் சொன்னான். "அக்கா, அவரு எங்கள கொல்லப் பாக்கல. எங்களுக்காக ஜெபம் பண்ணிட்டிருந்தாரு." ஒவ்வொரு ஜெபம் முடிந்ததும் அந்த மனிதர் சிலுவையை உதட்டுக்கு இழுக்கிறார். ஒவ்வொரு முத்தத்துக்கும் விமானம் பாதையை விட்டுவிடுகிறது. கெட்ட ஆவியாக இருந்தால் திட்டலாம், விரட்டலாம். நமக்காக வேண்டிக்கொள்கிறவரை என்ன சொல்லி நிறுத்துவது?

"கேப்டன், ஆட்டோவ எடுத்துடுங்க. கையால ஓட்டுங்க. வளைவு வந்துட்டிருக்கு."

"மேகத்துக்குள்ளயா? மலைக்கு நடுவுலயா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? குமிழ்ல கோளாறு, அவ்வளவுதான். நான் பிடிச்சுக்கறேன்."

அல்தாஸ் குமிழை உள்ளே அழுத்தி, கட்டைவிரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டார். இனி யார் இழுத்தாலும் வெளியே வராது. முகத்தில் ஒரு பிடிவாதம். ஒச்சோவாவின் குரல் முதல் பாதியைச் சொல்லி முடித்தது. கூட்டம் மறுபாதியைச் சொன்னது. ஆமென்.

சத்தம் வரவில்லை. குமிழ் அசையவில்லை.

அல்தாஸ் கையை வெடுக்கென்று எடுத்தார். எடுத்த கட்டைவிரலை மூஞ்சிக்கு நேராக நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் நகத்தின் மேல் ஈரம்.

"உதடு" என்றார். "மீசை குத்துச்சு."

அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த மனிதர் எதற்கும் ஆகவில்லை. கையை மார்போடு வைத்துக்கொண்டு சிலையாகிவிட்டார். பிடி விட்ட குமிழ், டிக் என்றது.

அதே நேரம் எச்சரிக்கைக் கருவி கத்த ஆரம்பித்தது. முன்னால் நிலம், முன்னால் நிலம், மேலே ஏற்று என்று ஒரு பெண் குரல், கொஞ்சமும் பதறாமல். வளைவு தாண்டிப் போய்விட்டது. எதிரே யூராக்ரூமி.

வில்மான் தைசியின் வயிற்றை நினைத்துக்கொண்டான். அதை மட்டும்தான் நினைத்தேன் என்றான். கைப்பிடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தி ஆட்டோபைலட்டைத் துண்டித்தான். "நான் ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து, மூக்கைத் தூக்கி, விமானத்தை வலப்பக்கம் சாய்த்தான். உடம்பு இருக்கையில் அழுந்தியது. மேகம் ஒரு இடத்தில் கிழிந்தது. இடது சன்னலில் பாறை... நனைந்த கறுப்புப் பாறை, அதில் முளைத்த புல்கூடத் தெரிந்தது. புல்லுக்கு நடுவில் வெள்ளைச் சிலுவைகள். செத்துப்போனவர்களின் வீட்டார் ஏறிப்போய் நட்டவை. அவை இறக்கைக்கு அடியில் சரசரவென்று ஓடி மறைந்தன. பிறகு மறுபடி சாம்பல் நிறம். எச்சரிக்கை அடங்கியது.

தப்பித்துவிட்டான் என்று மூச்சு விடாதீர்கள். அவனும் அப்படித்தான் விட்டான்.

ஜெபம் நிற்கவில்லை. வேகமாயிற்று. இப்போது முதல் பாதி முடிவதற்குள்ளேயே மறுபாதி தொடங்கியது. திசைக் குமிழ் டிக், அதற்குப் பக்கத்தில் இருக்கிற உயரக் குமிழ் டிக், வேகக் குமிழ் டிக்... பலகை முழுவதும் யாரோ எதையோ தேடுகிற மாதிரி. முன்னால் இன்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதற்குள் இறங்க வேண்டும். அல்தாஸ் பக்கத்தில் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அந்தக் குரல்கள் காதில் இருக்கும் வரை ஓடுபாதையைச் சரியாகப் பிடிக்க முடியாது என்று வில்மானுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது அவன் ஒன்று செய்தான். எப்படித் தோன்றியது என்று அவனுக்கே தெரியவில்லை. ஒலிவாங்கியை எடுத்தான்.

"கேப்டன் ஒச்சோவா, நான் வில்மான். லோஹா வந்தாச்சு கேப்டன். நல்லபடியா இறங்கிட்டோம். ஜெபம் போதும். எல்லாரையும் இறங்கச் சொல்லுங்க."

குரல் ஒரு வார்த்தைக்கு நடுவில் நின்றது.

எஞ்சின் சத்தம் மட்டும்.

பிறகு பின்னால்... க்ளக். நமக்கெல்லாம் தூக்கத்தில்கூடத் தெரிந்த சத்தம் அது. இருக்கைப் பட்டை கழல்கிற சத்தம். க்ளக். க்ளக், க்ளக். வரிசை வரிசையாக, பின்வரிசையிலிருந்து முன்வரிசை வரைக்கும். மேலே பெட்டி வைக்கிற மூடிகள் திறந்தன. யாரோ இருமினார்கள். காலடிகள்... நிறையக் காலடிகள், அவசரமில்லாமல், முன்பக்கம் வந்தன.

விமானத்தின் மூக்கு கனத்தது. நான் கதைக்காகச் சொல்லவில்லை. ஒரு ஆள்கூட இல்லாத விமானம், எடை முழுவதும் முன்னால் நகர்ந்தால் எப்படித் தாழுமோ அப்படித் தாழ்ந்தது. அதைச் சமன் செய்ய, இருவருக்கும் நடுவில் இருக்கிற சக்கரம் தானாகவே பின்பக்கம் சுழன்றது. கரகரவென்று. மனிதக் கையைவிட இயந்திரத்தை நம்புவாரே அல்தாஸ், அவர் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

காலடிகள் கதவுக்குப் பின்னால் வந்து நின்றன. தட்டவில்லை. கூப்பிடவில்லை. இறங்கச் சொன்னார்களே, வழி விடுவார்கள் என்று நிற்கிற கூட்டம். மூச்சு விடுவது மட்டும் கேட்டது. தன் முதுகுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கதவு மட்டும் இருக்க, அவர்களிடம் பொய் சொன்ன வாயோடு, வில்மான் மிச்சத் தூரத்தையும் ஓட்டினான். திரும்பிப் பார்க்கவே இல்லை.

கடைசி வெளிச்சத்தில் ஓடுபாதை தெரிந்தது. சக்கரம் தரையைத் தொட்டது. நின்றது. வெளியே ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்து பொருத்தினார்கள். வில்மான் முதலில் விமானி அறைக் கதவைத் திறந்தான்.

யாரும் இல்லை. பெட்டி மூடிகள் எல்லாம் திறந்து கிடந்தன. இருக்கைப் பட்டைகள் வரிசை வரிசையாகக் கழன்று நடைவழியில் தொங்கின. இறங்கும் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து வெளியே ஒரு காற்று போனது, நீளமாக, வெதுவெதுப்பாக. ஏணிப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள், "அந்தப் படிக்கட்டு கொஞ்ச நேரம் அதிர்ந்துட்டே இருந்துச்சு" என்று இன்றைக்கும் சொல்கிறான். அல்தாஸ் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். இப்போது வேறு நாட்டில் சரக்கு விமானம் ஓட்டுகிறார். கேட்டால், குமிழில் கோளாறு என்பார்.

வில்மானும் இறங்கப் போனான். படியில் கால் வைத்தவன், என்ன தோன்றியதோ, ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

நடுவரிசையில் ஒரே ஒரு பட்டை மட்டும் கழலவில்லை. பூட்டியபடி இருந்தது. இறுக்கி இழுத்து, ரொம்பச் சின்ன வளையமாக. அந்த வளையத்துக்குள் ஐந்து வயசுக்கு மேல் ஒரு உடம்பு அடங்காது. நமக்குத் தெரியும்தானே, அந்த வயசுப் பிள்ளைகளுக்குத் தானாகக் கழற்ற வராது. யாராவது வந்து கழற்றிவிடுவார்கள் என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஓடியிருக்கலாம் அவன். நானாக இருந்தால் ஓடியிருப்பேன். அவன் நடுவரிசைக்குப் போனான். குனிந்தான். பூட்டின் இரும்பு சூடாக இருந்ததாம். கழற்றினான்.

லோஹா விமான நிலையக் கூடத்தில், மறுநாள் விமானத்துக்காகக் கம்பளியை விரித்துப் படுத்திருந்த யாத்திரைக்காரர்கள் அவனைப் பார்த்தார்கள். சீருடை போட்ட ஒரு இளம் விமானி வலது கையைத் தாழ்த்தி நீட்டிக்கொண்டு, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, சின்ன எட்டாக வைத்து நடந்து வந்தானாம். ஒவ்வொரு முகமாகப் பார்த்தானாம். யாரிடமாவது எதையாவது ஒப்படைக்க வேண்டும் என்பது போல. ஒரு கிழவி, "யாரைத் தேடறே மகனே?" என்று கேட்டதற்கு, "தெரியலம்மா... யாராவது வந்து கேப்பாங்க" என்று மட்டும் சொன்னானாம். விடியும் வரை அங்கேயே நின்றான். யாரும் வந்து கேட்கவில்லை.

வேலையை விட்டுவிட்டான். வாக்குக் கொடுத்தபடி தைசிக்குப் பிரசவமானபோது பக்கத்தில்தான் இருந்தான். பெண் குழந்தை. அந்தச் சங்கதியை அவன் மனைவியிடம் சொல்லவே இல்லை. குழந்தையிடம் சொல்லுவானா என்ன?

போன மாதம் மிரெயா அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். எல்லோரும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். பெரிய சாலையைக் கடக்க வேண்டும். பேருந்துகள் வந்துகொண்டே இருக்கின்றன. மகள் எப்போதும் போல அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு வண்டிகள் வருகிற பக்கமாக நிற்கிறாள். மிரெயாவுக்குப் பயம். "பாப்பா, அந்தப் பக்கம் வா, அப்பாவோட இன்னொரு கையப் பிடிச்சுக்கோ" என்று இழுத்தாள்.

பாப்பா நகரவில்லை. அப்பாவின் வலது பக்கத்தை எட்டிப் பார்த்தது. பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னது.

"அது அக்காவோட கை."